சென்னியப்பன் ஓட்டிக் கொடுத்த முன்பணம்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டு, கீழே என்னைக் கோர்த்துவிட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே பணம் கட்டுகிற ப்ரீபெய்டு மீட்டர் வரப்போகிறதாமே, அதில் தள்ளுபடி உண்டாமே, வீட்டுக்காரர்களுக்கு அந்த அலைச்சல் கட்டுபடியாகுமா, ரீடிங் அய்யா சொல்லட்டும் என்று. ரீடிங் அய்யா நான்தான். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் கேட்காமலே வீடு வீடாக அறிவுரை சொன்னேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறார்கள், எனக்கு வாய் வரவில்லை.

"ஆமான்னோ இல்லீன்னோ ஒரு வார்த்தை போட்டு உடுங்க. போனை வெச்சு முறைச்சுட்டே உக்காந்திருந்தா அதுவா பதில் சொல்லுமுங்களா?" என்கிறாள் என் மனைவி கோகிலா. ஒரு வார்த்தையில் அடங்குகிற சமாச்சாரமாக இருந்தால் போட்டிருப்பேன். அடங்காததால் இதை எழுதுகிறேன். குழுவில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியமும் உண்டு.

நான் கரண்ட் ஆபீஸில் ரீடிங் எடுக்கிறவனாகச் சேர்ந்தவன். சொந்த ஊர் குன்னத்தூர். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூத்தவர் ஒருவர் பின்னால் சில வாரம் நடந்தேன். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் நாய் சும்மா இருக்க ஆள் கடிப்பார் என்பதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றதெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

என் பெயர் பெரியசாமி. பெயர் வைத்தவர்களுக்கு என் எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை அதிகம். உயரம் ஐந்தடிதான் வந்தது, அதுவும் செருப்போடு. மீட்டர் மாட்டுகிற ஆட்களோ எல்லாரும் நெடுநெடுவென்று இருப்பார்கள், அவர்கள் கண்ணுக்கு நேராக மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆபீஸில் ரீடிங் எடுக்க மெஷின் தருவார்கள், ஸ்டூல் தர மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஏறி நிற்க ஏதாவது கேட்பேன். பனியன் கம்பெனி ஸ்டூல், குக்கர் வந்த பெட்டி, அரிசி டப்பா, எல்லாவற்றின் மேலும் ஏறியிருக்கிறேன். அவிநாசிப் பக்கம் ஒரு வீட்டில் நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். நான் அதற்குள்ளேயே போய்விட்டேன். ரீடிங்கை மட்டும் சரியாக எடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

ஸ்டூல் கேட்டால் வீட்டுக்குள் போக வேண்டும். திருப்பிக் கொடுக்கப் போனால் ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்க வேண்டும். உயரமான ஆட்கள் வாசலோடு மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வீடு தெரிந்தது. இந்தக் கதையில் எனக்கு ஏதாவது பங்கு உண்டென்றால் அது என் குள்ளத்தால் வந்தது.

இனி கேள்விக்கு வருகிறேன். முன்பணம் கட்டும் ஏற்பாடு புதிதல்ல. எங்கள் ஆபீஸிலேயே ரொம்ப நாளாக இருந்ததுதான். ஒரு தொகையை மொத்தமாகக் கட்டிவிட்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். கிடக்கிற பணத்துக்குச் சிறிது வட்டி போட்டு அதையும் பில்லில் குறைப்பார்கள். சனங்கள் அதைத்தான் தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடியில் ஒரு குடும்பம் ஒரு வேளை பரோட்டா சாப்பிடலாம், சால்னாவுக்குக் காசு வாங்க மாட்டார்கள் என்பதால். அதற்காகக் கம்பெனியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றால், தள்ளுபடி கவுண்டரிலேயே செத்துப் போய்விடும்.

பின் யாருக்கு லாபம்? சொந்த வீடு, நிலையான வரும்படி, கெடு தேதி மறந்து போகிற மனசு, இந்த மூன்றும் உள்ளவருக்கு லாபம். காசில் அல்ல, நிம்மதியில். வாடகை வீட்டுக்காரர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இணைப்பு வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் இருக்கும். நீங்கள் கட்டும் முன்பணம் அந்த இணைப்பைச் சேர்ந்தது, உங்களைச் சேர்ந்தது அல்ல. காலி செய்து போனால் அது அங்கேயே நிற்கும். பீரோவை ஏற்றிக்கொண்டு போகலாம், முன்பணத்தை ஏற்ற முடியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் ப்ரீபெய்டு மீட்டரில் ஒரு சௌகரியம் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தீர்ந்துபோனால் தானாக நின்றுவிடும். ஃபியூஸைப் பிடுங்க ஒரு ஆள் வந்து, ஸ்டூல் கேட்டு, உள்ளே எட்டிப் பார்க்கிற வேலை அதில் இல்லை.

அது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்காகத்தான் மரிய செல்வியின் முன்பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் மேடத்தைப் பற்றி. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால் எங்கள் பிரிவுக்கு ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக, சாந்தகுமாரி மேடம் வந்தார். குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட சத்தக்காரரும் அவர் மேசைக்கு முன்னால் வந்தால் சுருதி இறங்கிவிடுவார். விதி ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால், மேடம் முதலில் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையால் துடைப்பார். நிதானமாக, இடது பக்கம், பிறகு வலது பக்கம். துடைத்து முடியும் வரை பேச்சில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்றே தெரியாது. விதியைச் சொல்லும்போது எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் கழற்றுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

புகார் வந்தால் எப்படிப் போக வேண்டும் என்பதிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு. போனதும் எதையும் தொடக்கூடாது. முதலில் நின்று பார்க்க வேண்டும். அடுத்து, வீட்டுக்காரர் கையாலேயே வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும், கரண்ட் ஓடினால் துடிக்கிற மீட்டரின் சிவப்பு விளக்கு துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடித்தால் மெயினை நிறுத்திப் பார்க்க வேண்டும். கடைசியில்தான் வாயைத் திறக்க வேண்டும். "பெரியசாமி, நீங்க கடைசிலதான் வாயைத் திறக்கணும்" என்று எனக்கு மட்டும் தனியாக ஒருமுறை சொன்னார். எனக்கு அதுதான் ஆகக் கஷ்டமான விதி.

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடு, இடையில் ஒற்றைச் செங்கல் சுவர், முகப்பில் ஒரே பலகையில் ஆறு மீட்டர், ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் மெயின் ஸ்விட்ச். மூன்றாம் வீட்டில் மரிய செல்வி. தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் பனியன் கம்பெனியில் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டைலர், அவள் கணவர் அந்தோணி துணி வெட்டுகிற கட்டிங்கில். காலையில் போனால் இருட்டின பிறகுதான் இருவரும் வருவார்கள்.

நான்காம் வீட்டில் சென்னியப்பன். கொமரலிங்கத்துக்காரர். கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்து, கால் வீங்கி வேலையை விட்டு நின்றவர். அவர் மனைவி சரஸ்வதியம்மாள் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று டாக்டர் ஒரு காற்று மெத்தை போடச் சொல்லியிருந்தார். ஒரு சின்ன மோட்டார் மெத்தையின் ஒரு வரிசைக்குக் காற்றை ஏற்றும், மறு வரிசையில் இறக்கும், மாற்றி மாற்றி. இரவு பகலாக அது 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். நின்றால் மெத்தை சப்பையாகி அந்த அம்மாள் கட்டாந்தரையில் படுத்த மாதிரி ஆகிவிடும்.

எப்போதும் வீட்டில் இருப்பவர் சென்னியப்பன் என்பதால் அந்த லைனில் எனக்கு ஸ்டூல் அவருடையது. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்த பழைய மர ஸ்டூல். நான் தலையைக் காட்டியதும் ஸ்டூல் வெளியே வந்துவிடும், கூடவே அவருடைய பிரசங்கமும் வரும். அவருக்குப் பில் வருவதில்லை. இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அது தன் சாமர்த்தியம் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"கரண்ட்டை ஆளத் தெரியோணுமுங்க. இந்தா, பக்கத்து ஊட்டு அம்மணிக்குப் பகல்லயே லைட் எரியுது. சொன்னாக் கேக்கறதில்லைங்க" என்பார். மரிய செல்வி கதவைப் பூட்டிக்கொண்டு போகும்போது வாசல் விளக்கை மறந்துவிட்டால், மாலை வரை அவர் அதைப் பார்த்துப் பார்த்து வேதனைப்படுவார். அவள் வந்ததும் சொல்வார். அவள் "சரி அண்ணாச்சி" என்பாள். மறுநாளும் மறப்பாள்.

இந்த மரிய செல்விக்கு முன்பணம் கட்டச் சொன்னது நான்தான். முந்தின வருடம் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர்கள் கெடு தேதியைத் தவறவிட்டு, திரும்பி வந்தபோது ஃபியூஸ் இல்லாத வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து நான் கொடுத்த யோசனை. தீபாவளி போனஸில் ஒரு பங்கை அவள் கொண்டுவந்து கட்டினாள். பரோட்டா வரைக்கும் விளக்கமாகச் சொல்லித்தான் கட்ட வைத்தேன்.

தை பிறந்தது. அடுத்த பில், அதற்கடுத்த பில். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் மரிய செல்வி நிற்கிறாள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிறது, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வருடம் முழுக்கப் போதும் என்று நான் சொன்ன முன்பணத்தில் பெரும்பகுதி அதற்குள் கரைந்துவிட்டது.

"தள்ளுபடி தள்ளுபடின்னு நீங்கதான கெட்டச் சொன்னிய? கெட்டுன நாள்லேருந்து மீட்டர் பேய் மாதிரி ஓடுது. எங்க லைன்ல எல்லாரும் சொல்லுதாவ, முன்னாடியே ரூவா வாங்கிட்டா மீட்டர வேகமா முடுக்கி விட்டுருவாங்களாம்லா" என்றாள்.

கவுண்டரில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முடுக்குகிற திருகாணி என் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. மேடம் உள்ளேயிருந்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கை காட்டினார். வாயையும் காட்டினார், மூடிக்கொள்ளச் சொல்லி.

போனேன். சென்னியப்பன் ஸ்டூலைப் போட்டார். எதையும் தொடாமல் நின்று பார்த்தேன். மரிய செல்வியை உள்ளே போய் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். டியூப் லைட் நின்றது, ஃபேன் நின்றது. வேறு ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. மூன்றாம் மீட்டரின் சிவப்பு விளக்கு பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. "பாத்தியளா?" என்றாள் கீழேயிருந்து. மூன்றின் மெயினை நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டில் மோட்டார் முனகல் நின்றது.

சட்டென்று விழுந்த அந்த மௌனம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. மரிய செல்வி உள்ளே போய் ஃபேனைப் போட்டுப் பார்த்தாள், ஜம்மென்று சுற்றியது. மெயின் நிறுத்தின வீட்டில் ஃபேன் சுற்றுகிறது, நிறுத்தாத வீட்டில் மெத்தை இறங்குகிறது. சென்னியப்பன் வெளியே வந்து, "ஏனுங்க, கரண்ட்டு போச்சுங்களா?" என்று என்னை அண்ணாந்து பார்த்தார். என்னை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. ஆனாலும் அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

நடந்தது இதுதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது லைன் வீட்டுக்காரர் மீட்டர் பலகையையும் கழற்றிச் சுவரைச் சுத்தமாக அடித்திருக்கிறார். திருப்பி மாட்டின எலக்ட்ரீஷியன் மூன்றிலிருந்து போக வேண்டிய ஒயரை நான்குக்கும், நான்கின் ஒயரை மூன்றுக்கும் கொடுத்துவிட்டான். பண்டிகை அவசரம், சுண்ணாம்பு காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். அன்றிலிருந்து சரஸ்வதியம்மாளின் மெத்தையை ஊதிக்கொண்டிருந்தது மரிய செல்வியின் போனஸ். மரிய செல்வி மறந்துவிட்டுப் போன வாசல் விளக்கு எரிந்தது சென்னியப்பன் கணக்கில். மெத்தை வந்ததும் பொங்கல் சமயத்தில்தான். அதனால் அது எவ்வளவு தின்னும் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

வாயைத் திறக்க வேண்டிய கட்டம். திறந்து சொன்னேன். சென்னியப்பன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அதன் மேலிருந்து இறங்கியிருந்தேன், நல்லவேளை.

மேடத்திடம் வந்து சொன்னோம். கண்ணாடியைக் கழற்றினார். இடது பக்கம், வலது பக்கம். "மீட்டர் வரைக்கும்தான் நம்ம பொறுப்பு, பெரியசாமி. அதுக்கு அப்புறம் ஒயர் எங்க போகுதுன்னு நாம பாக்கறதில்லை" என்றார். மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. ஒரு எண்ணில் கழிந்ததை இன்னொரு எண்ணுக்கு மாற்ற ஆபீஸில் வழியில்லை. ஒயரை லைன் வீட்டுக்காரர் சரி செய்துகொள்ள வேண்டும், மற்றதை அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். மரிய செல்வி கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாற்றிக் கொடுத்தான். மூன்று மூன்றுக்கு, நான்கு நான்குக்கு. கணக்கு நேரானது. சென்னியப்பன் அவள் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாராம். அவள் தலையாட்டி வைத்தாளாம்.

அடுத்த முறை நான் ரீடிங் எடுக்கப் போனேன். ஸ்டூல் வந்தது, பிரசங்கம் வரவில்லை. நான்காம் மீட்டரைப் பார்த்தேன், நான் பயந்த அளவுக்கு ஓடவில்லை. இறங்கி ஸ்டூலை உள்ளே கொண்டுபோனபோது காரணம் தெரிந்தது. மோட்டார் அணைந்திருந்தது. மெத்தை தட்டையாகக் கிடந்தது. சென்னியப்பன் அந்த அம்மாளின் தோளுக்கடியில் கை கொடுத்து ஒருபக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். தன் வீங்கின காலை ஊன்ற முடியாமல் கட்டில் சட்டத்தில் முழங்காலை முட்டுக் கொடுத்திருந்தார். சரஸ்வதியம்மாளுக்குப் பேச்சு வராது. என்னைப் பார்த்து, வாங்க என்று சொல்கிற மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

"பகல்ல நானே திருப்பிப் போட்டுக்கறனுங்க. ராத்திரிக்கு மட்டும் மோட்டார். கரண்ட்டை ஆளத் தெரியோணுமில்லீங்க" என்றார் சென்னியப்பன். சிரிக்கப் பார்த்தார்.

நான் பதிலுக்கு ஏதோ கோமாளித்தனம் செய்தேன் என்று நினைக்கிறேன், ஸ்டூலில் இடித்துக்கொண்டது மாதிரி. எனக்கு அழுகை வருகிற இடத்தில் அப்படித்தான் எதையாவது செய்வேன். கோகிலா எங்கள் கல்யாணத்திலிருந்து இதைக் கவனித்து வருகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு நேராக மரிய செல்வி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்தோணி வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கோகிலாவை முன்னால் அனுப்பினேன். காபி குடித்துவிட்டு அவள் சொன்னது இது. அந்த முன்பணத்தில் மிச்சம் கொஞ்சம் கிடக்கிறது. இப்போது இருவருக்கும் ஓவர்டைம் என்பதால் தன் வீட்டுக்கு இலவச யூனிட்டே போதும், அது அசையாமல் கிடக்கும். அதை எடுக்க முடியுமா? முடியாது என்றேன், இணைப்பு லைன் வீட்டுக்காரர் பெயரில். அப்படியானால் ஒயரை மறுபடியும் மாற்றிப் போட முடியுமா?

எனக்குப் புரியவில்லை. முன்னே இருந்த மாதிரி, மூணை நாலுக்கும் நாலை மூணுக்கும், என்று கையால் காற்றில் குறுக்கே கோடு போட்டுக் காட்டினாள்.

"அது உன் போனஸ் இல்லியா மரியா?" என்றேன்.

"ஆமா. இப்பம் மட்டும் அது எனக்கா உதவுது?" என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "ஊர்லேருந்து வந்து எறங்குன அன்னைக்கு எங்களுக்கு அடுப்புக் குடுத்தது அந்த அக்காதான். செவத்துக்கு அந்தப் பக்கம் அவிய படுத பாட்ட நான் கண்ணால பாக்கல. ஆனா ஓவர்டைம் இல்லாத நாள்ல வீட்ல இருந்தா மோட்டார் சத்தம் கேக்க மாட்டுக்கு. அது இல்லாம எனக்கு வீடு வீடாவே இல்ல அண்ணாச்சி."

சென்னியப்பன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். அதற்குத்தான் உங்களிடம் வந்தேன் என்றாள். நீங்கள் ஆபீஸ்காரர், ஏதாவது ஒரு ரூல் சொல்லுங்கள் என்றாள்.

என் வாழ்நாளில் சந்து சந்தாகப் போய் உண்மையான ரூல்களைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. அந்த வாரம் சென்னியப்பன் வீட்டில் ஸ்டூல் மேல் உட்கார்ந்துகொண்டு, மேடத்தின் முகத்தை மனசில் வைத்து, ஒரு புது ரூலைச் சொன்னேன். மூன்றாம் நம்பரில் முன்பணம் சும்மா கிடக்கிறது. ஓடாத முன்பணத்துக்குத் தள்ளுபடி கிடையாது, வருடம் முடிந்தால் பாதி போய்விடும். யாராவது அதை ஓட்டிக் கொடுத்தால்தான் அந்தப் பெண்ணுக்குத் தள்ளுபடி நிற்கும். அவளோ வீட்டிலேயே இருப்பதில்லை. உங்கள் மெத்தை இரவு பகலாக ஓடினால் கணக்கு சரியாகும். பதிலுக்கு அவள் வீட்டுக் கரண்ட் உங்கள் நம்பரில் ஓடட்டும்.

சென்னியப்பன் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். காலை மாற்றிப் போட்டார்.

"அப்போ நானு அந்த அம்மணிக்கு ஒத்தாசை பண்றதாகுமுங்களா?"

"பெரிய ஒத்தாசைங்க."

"ஆபீஸ் ரூல்னா நாம என்னங்க பண்ண முடியும்" என்றார். சரஸ்வதியம்மாள் கண்ணை மூடித் திறந்தார். அதை யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஒயர் மாறியது. அடுத்த மாதமே மேடம் அந்தப் பகுதிக்குச் சோதனைக்கு வந்தார். லைன் வீட்டு வாசலில் ஜீப்பை விட்டு இறங்கினார். பலகையில் மூன்றும் நான்கும் குறுக்காகப் போவது தெருவிலிருந்தே தெரியும், வெள்ளைச் சுவரில் கறுப்பு ஒயர். உள்ளே மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. மேடம் வாசலில் நின்று அதைக் கொஞ்சம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் இடது பக்கம் துடைத்தார். துடைத்துக்கொண்டே பலகைக்கு நேரே வந்து நின்று, அண்ணாந்து பார்த்தார். வலது பக்கம் துடைத்தார்.

"மீட்டர் வரைக்கும்தான் நம்ம பொறுப்பு, பெரியசாமி" என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஜீப் திரும்புவதற்குள் சென்னியப்பன் வெளியே வந்துவிட்டார். மூன்றாம் வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஏனுங்க, பாருங்க இந்த அக்கிரமத்தை. பட்டப்பகல்ல! இது இப்ப யாரு நம்பர்ல எரியுதுங்க? என்ற நம்பர்ல!" என்றார். பிரசங்கம் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை சட்டப்படியான உரிமையோடு. முன்னேயும் அது அவர் நம்பரில்தான் எரிந்தது என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மரிய செல்விக்கும் அந்த மறதி போகவில்லை. ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும்போதே எப்படி மறப்பாள் என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

தீபாவளிக்குத் தீபாவளி அவள் முன்பணம் கட்டினாள். இதற்கிடையில் நான் ஓய்வு பெற்றேன். சரஸ்வதியம்மாள் அந்த மெத்தையில் இன்னும் இரண்டு பொங்கல் பார்த்தார். முதுகில் புண் இல்லாமல்தான் போனார் என்று மரிய செல்வி போனில் சொன்னாள். கடைசியாகக் குளிப்பாட்டியது அவள்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சென்னியப்பன் என்னை வரச் சொன்னார். ரீடிங் எடுக்கும் வேலை இப்போது எனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் நான் வாசலுக்கு வந்ததும் ஸ்டூலைக் கொண்டுவந்து மீட்டர் பலகைக்குக் கீழே போட்டார். ஏறுவதற்கு வேலையில்லாததால் அதில் உட்கார்ந்தேன். உள்ளே கட்டில் மடித்துச் சாத்தியிருந்தது. மோட்டாரைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்து, ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார், யாருக்காவது தேவைப்பட்டால் கொடுக்க.

மரிய செல்வி மூன்றாம் வீட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒயரைப் பழையபடி மாத்தச் சொல்லீட்டனுங்க" என்றார் சென்னியப்பன். "இனி நானு ஒரு ஆளு. அம்மணியோட முன்பணத்தை ஓட்டிக் குடுக்க என்னால ஆகாதுங்க." அவள் பக்கம் பார்க்காமல் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அதுக்குத் தள்ளுபடி போயிருமுங்களா?"

அந்த ரூல் நானே கட்டினது என்று அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஓய்வோடு எனக்கும் வந்து சேர்ந்த கண்ணாடியைக் கழற்றினேன். சட்டை நுனியால் இடது பக்கம் துடைத்தேன், பிறகு வலது பக்கம். கதவில் நின்றவள் முகமும் எதிரே குனிந்திருந்தவர் முகமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"போகாதுங்க" என்றேன். "ஓட்டின வரைக்கும் உண்டுங்க."